ஆறு முதல் பன்னிரண்டு வரை: கல்வி உதவித்தொகையின் தகுதி விதிகளும் திருப்பூர்ப் பிள்ளைகளும்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் தொடங்கி, திருப்பூரை ஒட்டிய பெருமாநல்லூர் வட்டாரத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அறைகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழும். "ஏனுங்க சார், பையன் எட்டாவது வரைக்கும் மெட்ரிக்ல படிச்சானுங்க. ஒம்பதாவதுல இருந்து நம்ம ஸ்கூல்தானுங்க. காலேஜ் போனா அந்த ஆயிர ரூபா வருமுங்களா?" கேட்பவர் பெரும்பாலும் தாய். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவராகவோ, டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைமடி வேலை செய்பவராகவோ இருப்பார். தலைமையாசிரியருக்குப் பதில் தெரியும். வராது. அதைச் சொல்லத்தான் அவருக்கு மனம் வராது.

இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்த 'வராது' எங்கிருந்து வந்தது என்பதுதான். தமிழ்நாட்டில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் இரண்டு: மாணவியருக்குப் புதுமைப் பெண், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டுக்கும் அடிப்படை நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. இந்த ஏழு ஆண்டுக் கணக்கு எத்தனையோ பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்திருக்கிறது. திறந்திருக்க வேண்டிய சிலருக்கு அதே கணக்கு கதவைச் சாத்தியும் இருக்கிறது.

முதலில் திறந்த கதவைப் பற்றி. 1989-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துக் களத்தில் நின்றவர் அம்மையார். 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை 1936-இல் வெளியிட்டவர். அவர் பெயரிலான திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தந்தது. பெண்ணை எட்டாவது வரையாவது பள்ளியில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நிபந்தனைக்குள்ளேயே இருந்தது. பிறகு தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது, தொகையும் கூடியது. 2011-இல் ஜெ. ஜெயலலிதா அரசு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்த்தது. பத்தாவது படித்தவருக்கு 25,000 ரூபாய், பட்டமோ டிப்ளமோவோ பெற்றவருக்கு 50,000 ரூபாய். 2016-இல் தங்கம் 8 கிராம், அதாவது ஒரு பவுன் ஆனது.

படிப்பு கூடக் கூடப் பணமும் கூடியது உண்மை. ஆனால் அந்தப் பணம் கைக்கு வருவது கல்யாணத்தின்போதுதான். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவோ, புத்தகம் வாங்கவோ அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

திருப்பூரையும் அதைச் சுற்றியுள்ள நூற்பாலைப் பகுதியையும் அறிந்தவர்களுக்கு இதற்கு இணையான இன்னொரு கணக்கு நினைவிருக்கும். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் தென்மாவட்டப் பெண் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். மூன்று ஆண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. சுமார் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை பேசப்பட்டது. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போனதைத் தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் ஆவணப்படுத்தியிருக்கின்றன. எல்லா ஆலைகளும் அப்படி நடந்துகொண்டன என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணிடம் 'மூன்று வருஷம் பொறுத்துக்கொள், கல்யாணத்துக்குப் பணம் வரும்' என்று ஒரு தொழிலே சொல்லியது. அரசின் உதவியும் கல்யாணத்தை வைத்தே வந்தது. அந்தப் பெண்ணின் பதினேழுக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட வயதுக்கு ஒரு மதிப்புத் தர இரண்டு பக்கத்திலும் ஆளில்லை.

2022 மார்ச் 18-இல் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வாசித்த நிதிநிலை அறிக்கை அந்த இடத்தில்தான் கை வைத்தது. திருமண உதவித் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறும் என்றும், அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ. படிப்போ முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கிலேயே சேரும் என்றும் அவர் அறிவித்தார். ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் மாணவியர் பயன்பெறக்கூடும் என்று கணக்கிட்டு 698 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் நாளில், சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கினார். அப்போதைய டெல்லி முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலும் மேடையில் இருந்தார்.

மூன்று ஆண்டுப் பட்டப்படிப்புக்கு இந்தத் தொகை 36,000 ரூபாய். ஆலை பேசிய மூன்று ஆண்டுத் தொகையும் ஏறத்தாழ அதே அளவுதான். அதே மூன்று ஆண்டு, அதே அளவு பணம்; ஆனால் இம்முறை படிக்கிற பெண்ணின் பெயரில், படிக்கிற காலத்திலேயே வந்தது. தமிழ்நாட்டின் உதவித்தொகை வரலாற்றில் தகுதி விதி ஒன்றில் நடந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

எதிர்ப்பும் வந்தது. தாலிக்குத் தங்கத்தை நிறுத்தலாமா என்று அ.தி.மு.க. கேட்டது. பத்தாவதோடு நின்றுபோன ஏழைப் பெண்ணுக்குக் கிடைத்து வந்த ஒன்று கல்லூரிக்குப் போக முடிந்த பெண்ணின் பக்கம் நகர்ந்தது என்பதும் உண்மையே. ஏழை விதவையரின் மகள்களுக்கான ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திட்டம் போன்ற மற்றத் திருமண உதவிகள் தொடர்ந்தன. இழப்பு ஏதுமில்லை என்று சொல்ல முடியாது. ஆயினும் எடுத்த முடிவு சரியான முடிவு.

அதன் பிறகு வரம்பு விரிந்துகொண்டே போனது. 2024 ஆகஸ்ட் 9-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் புதல்வன் தொடங்கியபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் உள்ளே வந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 30-இல் தூத்துக்குடியில் நடந்த விழாவில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் புதுமைப் பெண் விரிந்தது. ஒரே அறிவிப்பில் 75,000-க்கும் மேற்பட்ட மாணவியர் தகுதி பெற்றார்கள். எய்டட் பள்ளி என்பதால் இரண்டு ஆண்டு வெளியே நின்றவர்கள் அவர்கள். நிபந்தனையில் சில சொற்களைச் சேர்த்ததால் வந்த மாற்றம் இது.

இப்போது அந்த ஏழு ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். 'ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை' என்ற வரையறை உதவித்தொகைக்கு முன்பே சட்டமாகிவிட்ட ஒன்று. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அரிதாகிப் போனது. நீதிபதி பி. கலையரசன் குழு அதை ஆராய்ந்து தனி ஒதுக்கீடு பரிந்துரைத்தது. 2020 அக்டோபர் இறுதியில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில்தான் அரசுப் பள்ளி மாணவர் யார் என்பதற்கு இந்த ஏழு ஆண்டுக் கணக்கு வைக்கப்பட்டது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் 7.5 சதவீதம் வந்தது. அவ்வாறு சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது.

மருத்துவ இடத்துக்கு அந்தக் கடுமை தேவை. இடங்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் போட்டி. பத்தாவது வரை பெரிய தனியார் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு ஆண்டு மட்டும் அரசுப் பள்ளிப் பதிவேட்டில் பெயரை எழுதிவைத்து இடத்தைப் பிடிக்க வசதியுள்ள குடும்பம் முயலக்கூடும். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்று சொல்வது அந்த வழியை அடைக்கிறது. ஆனால் மாதம் 1,000 ரூபாய்க்காக யாரும் ஒரு பிள்ளையை வசதியான பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் போடப் போவதில்லை. இரண்டு மூன்று நாள் கூலிக்குச் சமமான தொகை அது. மருத்துவ இடங்களைக் காக்கச் செய்த சல்லடையில் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் பஸ் காசையும் புத்தகக் காசையும் சலிக்கிறோம்.

திருப்பூர் போன்ற ஊரில் இது ஏன் இன்னும் அழுத்தமாக உறைக்கிறது என்பதற்குக் காரணம் ஊரின் தொழில்தான். இங்கே வீட்டு வருமானம் ஆர்டரைப் பொறுத்தது. ஆர்டர் நன்றாக இருக்கும் ஆண்டுகளில் பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்ட் ஓடும், சனிக்கிழமைச் சம்பளம் கனமாக இருக்கும். அப்போது எல்லாப் பெற்றோரும் செய்வதைத்தான் இவர்களும் செய்கிறார்கள். அருகிலுள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அடுத்து ஒரு சரிவு வருகிறது. 2020 மார்ச் ஊரடங்கில் வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்தாகிக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. நூல் விலை தாறுமாறாக ஏறியதை எதிர்த்து 2022 மே மாதம் 16, 17 தேதிகளில் ஊரே கடையடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி போட்டது. இப்படி ஒவ்வொரு சரிவிலும் வீட்டில் முதலில் வெட்டுப்படும் செலவுகளில் ஒன்று தனியார் பள்ளிக் கட்டணம். கொரோனாவுக்குப் பிறகு மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறினார்கள். அப்போது ஏழாவதிலோ எட்டாவதிலோ இருந்தவர்கள்தான் இன்று கல்லூரி வாசலில் நிற்பவர்கள்.

அந்தப் பிள்ளை ஐந்து ஆண்டு முழுதாக அரசுப் பள்ளியில் படித்திருக்கலாம். மதிய உணவும் அரசு தந்த பாடநூலும் சைக்கிளும் அவனுக்கும் கிடைத்தன. உதவித்தொகைக் கணக்கில் மட்டும் அவன் தனியார் பள்ளி மாணவன்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு உதவித்தொகை உண்டு. நல்ல விலக்கு. ஆனால் விண்ணப்பங்கள் அதிகமானால் அந்த ஒதுக்கீட்டு இடம் குலுக்கலில் நிரப்பப்படுகிறது. ஒரே காம்பவுண்டு வீட்டில் பக்கத்துப் பக்கத்து லைன் வீடுகளில் இருக்கும் இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தந்தையரும் ஒரே கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்குக் கீழே வேலை செய்கிறார்கள், இரண்டு பிள்ளைகளும் ஒரே மெட்ரிக் பள்ளியிலிருந்து ஒரே அரசுப் பள்ளிக்கு ஒரே ஆண்டில் மாறுகிறார்கள். எல்.கே.ஜி. குலுக்கலில் பெயர் விழுந்த பிள்ளைக்குப் பதினான்கு ஆண்டு கழித்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. விழாத பிள்ளையின் தந்தை கந்துக்கு வாங்கிக் கட்டணம் கட்டினார். அந்தக் கட்டண ரசீதே இப்போது பிள்ளையின் தகுதியைப் பறிக்கிறது.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கேயே குடியமர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஊரில் ஆறாவதை முடித்து இங்கே ஏழாவதில் சேர்ந்து, தமிழில் எழுதிப் பன்னிரண்டாவது தேறும் பிள்ளைக்கும் அந்த ஓர் ஆண்டு குறைகிறது. வந்து சேர்ந்த ஊரின் மொழியைக் கற்றுத் தேர்வெழுதிய பிள்ளையைக் கைதூக்கி விடுவதல்லவா முறை?

இனி வருமான வரம்பு. ஆதிதிராவிடருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-இல் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே தொடங்கியது. அதன் செலவுப் பங்கீடு பற்றிய நீண்ட இழுபறிக்குப் பின் 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை 60:40 என்று முடிவுசெய்தது. ஒன்றியப் பங்கு நேரே மாணவர் கணக்குக்குப் போகும் முறையும் வந்தது. இவை நல்ல திருத்தங்கள். ஆனால் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2013-இல் 2.5 லட்சமாக உயர்ந்ததோடு அப்படியே நிற்கிறது. பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கும் இதே 2.5 லட்சம்தான்.

2.5 லட்சம் என்றால் பெருமாநல்லூரில் என்ன பொருள்? கணவன் டெய்லர், மனைவி செக்கிங். ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் என்று மட்டமாகவே வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,88,000. வரம்பைத் தாண்டியாயிற்று. இருவரும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் சம்பளச் சீட்டோடு வேலை செய்தால் அந்த எண்ணை மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது. கையில் காசு வாங்கும் ஜாப்ஒர்க் யூனிட்டில் இதே வேலையை இதே கூலிக்குச் செய்பவரின் வருமானச் சான்றிதழில் அதைவிடக் குறைந்த தொகை இருக்கும். சட்டப்படி வேலை கொடுக்கும் இடத்தில் வேலை செய்வதே பிள்ளையின் உதவித்தொகைக்குத் தடையாகிவிடுகிறது. நூல்மில் வேலையை விட்டுவிட்டு முறையான எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வாருங்கள் என்று பெண்களிடம் சொல்லும் ஊரில் இந்த விதி தலைகீழாக வேலை செய்கிறது.

அதே ஒன்றிய அரசு வேறு இடங்களில் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டோரில் வளமான பிரிவினர் யார் என்பதற்கு 2017 முதல் 8 லட்சம். பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 2019-இல் வந்த 10 சதவீத ஒதுக்கீட்டுக்கும் 8 லட்சம். தொழில்நுட்பம் படிக்கும் மாணவியருக்கு ஏ.ஐ.சி.டி.இ. தரும் பிரகதி உதவித்தொகைக்கும் 8 லட்சம். ஒரு குடும்பத்தை 7.9 லட்சத்தில் 'நலிந்தது' என்று சொல்லிவிட்டு, 2.6 லட்சத்தில் இருக்கும் தாழ்த்தப்பட்ட குடும்பத்தை 'உதவி தேவைப்படாதது' என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

பெருமாநல்லூருக்கு இதை வேறு கோணத்திலும் பார்க்கத் தெரியும். 1970 ஜூன் 19-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் இந்த மண்ணில் மூன்று உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் நீண்ட கிளர்ச்சி நடந்தது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது. 1990-இல் 'சிறு' என்ற வரம்பு நீங்கி எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. கிணற்று மோட்டாருக்கு வருமானச் சான்றிதழ் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் ஏறும் பெண்களிடமும் யாரும் வருமானம் கேட்பதில்லை. எல்லோருக்கும் என்று வைத்த உதவி நிலைக்கிறது, போய்ச் சேர்கிறது, அதைத் தொட எந்த ஆட்சியும் தயங்குகிறது. படிக்கிற பிள்ளையின் உதவி மட்டும் ஏன் இத்தனை வாசல் தாண்டி வர வேண்டும்?

முதல் பட்டதாரிச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. 2010-11-இல் வந்த இத்திட்டம், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேரும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவரின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்பது. அண்ணன் பட்டம் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. வீட்டில் முதலில் யாரைப் படிக்க வைப்பது என்ற பழைய கேள்விக்கு இது பழைய பதிலையே தந்துவிடும் அபாயம் இருக்கிறது. மகளுக்கு மட்டுமாவது விதியைத் தளர்த்துவது பெரிய செலவாகாது.

உதவியைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து காட்டியது. அங்கே ஏழை மாணவருக்குத் தந்துவந்த வாழ்க்கைச் செலவு மானியத்தை 2016-17 கல்வியாண்டு முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிறுத்திக் கடனாக மாற்றினார்கள். மூன்றாண்டுப் படிப்பு முடியும்போது ஏழை மாணவரின் கடன் 40,500 பவுண்டு வரை என்பது மாறி 53,000 பவுண்டு வரை ஏறும் என்று நிதி ஆய்வு நிறுவனம் ஒன்று முன்பே கணித்துச் சொன்னது. கையில் அதிகம் வைத்திருப்பவர் குறைந்த கடனோடும், ஏதும் இல்லாதவர் அதிகக் கடனோடும் பட்டம் பெறும் நிலை அது. 2025 செப்டம்பரில் அந்நாட்டு அரசே, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவருக்குக் குறிப்பிட்ட படிப்புகளில் மானியத்தைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தது. இலங்கையில் 1981-இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல உதவித்தொகை பல பொருளாதாரச் சரிவுகளைத் தாண்டி நிற்கிறது. நாடே திவாலாகி மீண்ட பிறகு, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதன் மாதத் தொகை 5,000-இலிருந்து 7,500 ரூபாயானது. நம் 1,000 ரூபாய் 2022-இல் நிர்ணயித்த அதே 1,000.

விடுபட்டவர்களில் இன்னொரு கூட்டம் இந்த ஊரில் அதிகம். பகலில் கம்பெனி, இரவில் படிப்பு. பாரதியார் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பி.காம்., பி.ஏ. படிக்கும் பெண்களை எந்த பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவிலும் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் ஏழு ஆண்டும் முழுதாகப் படித்திருந்தாலும் தொலைநிலைப் படிப்புக்கு இந்த 1,000 ரூபாய் கிடையாது. வருகைப் பதிவு இல்லாத படிப்புக்குப் பணம் கொடுத்தால் பெயருக்குச் சேர்ந்துவிட்டுப் போவார்கள் என்ற கவலை அரசுக்கு இருக்கலாம். அப்படியானால் ஒவ்வோர் ஆண்டுத் தேர்விலும் தேறியவுடன் அந்த ஆண்டுத் தொகையை மொத்தமாகத் தரலாம். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையிலும் புத்தகத்தை விடாத பெண் அவள்.

செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. மருத்துவ ஒதுக்கீட்டுக்கு ஏழு ஆண்டுக் கணக்கு அப்படியே இருக்கட்டும். மாத உதவித்தொகைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும் என்று பிரித்துவிடலாம். இதற்கு எவ்வளவு செலவாகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஆண்டில் எந்தப் பள்ளியில் படித்தது என்பது கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பதிவாகியிருக்கிறது. உதவித்தொகைக்குத் தகுதி சரிபார்ப்பதும் அதை வைத்துத்தான். ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளியில் படித்து, அதற்கு முந்தைய ஆண்டுகளால் மட்டும் விடுபட்டவர் மாவட்டத்துக்கு எத்தனை பேர் என்பதை அதே பதிவிலிருந்து எடுக்கலாம். திருப்பூர் மாவட்ட எண்ணிக்கையை முதலில் கேட்கலாம். பெருமாநல்லூரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த மேல்நிலைப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் தங்கள் பள்ளிப் பட்டியலைத் தயார் செய்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு கொடுக்கலாம். எய்டட் பள்ளி மாணவியருக்கு 2024 டிசம்பரில் வந்த திருத்தத்தை எடுத்துக்காட்டாக அதோடு இணைக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கான கணக்கைத் துறைகள் போடத் தொடங்குவதற்கு முன் அந்த மனு போய்ச் சேர வேண்டும்.